பெயர் மாற்றிக்கொண்டவன்

தகரக் கூரையில் மழை இரைகிறது. தைப்பிங் அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி கதிரவேலு தோட்டத் தொழிலாளர் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தையும் புரட்டிவிடுகிறார். எதிரே, ரப்பர் பால் காய்ந்து கறுத்த சேலையோடு ராக்காயி. தம்பியைத் தேடி வந்திருக்கிறாள்.

"பிச்சைமுத்து எண்டு ஒருத்தரும் இல்லை."

"பேர மாத்திருப்பான்யா. தோட்டத்த விட்டு ஓடுனவன். வலது புருவத்துல தழும்பு இருக்கும், நான் கல்லெறிஞ்சது."

கதிரவேலுவுக்கு ஆவல் பிறக்கிறது. பெயர்களை விட்டுவிட்டு அடையாளக் குறிகளை மட்டும் விரலால் தொட்டுப் போகிறார். மச்சம், அம்மைத் தழும்பு, வெட்டுக்காயம். வலது புருவத்தில் விரல் நிற்கிறது. ஆள் அர்ச்சுனனாம், ஆயர் தாவார் தோட்டமாம். நெருங்கிய உறவு என்ற கட்டத்தை இரண்டு முறை படிக்கிறார்.

"அக்கா ராக்காயி எண்டு கிடக்கு."

பதிவேட்டை அவள் பக்கம் திருப்புகிறார். எழுத்தறியாத அவள், அவர் காட்டிய இடத்தில் ஈரவிரலை வைத்து, மை கலைந்துவிடுமோ என்று சட்டென்று எடுத்துக்கொள்கிறாள்.