பொடோபாபுவின் ஒத்திகை

“இருபது வருஷத்துல இந்த ஆபீஸ்ல நான் ஒருநாள்கூடக் குரலை உசத்திப் பேசினதில்லை!”

தலைமை எழுத்தர் பிபூதி சமாதார் இதைச் சொன்ன வேகத்தில், ஜன்னல் புறாக்கள் பறந்துபோய் ஹூக்ளி நதிக்கு அக்கரையில் உட்கார்ந்தன. மாடியில் மின்விசிறி தானாகச் சுற்றியது என்றார்கள். நான் நம்புகிறேன்.

தலைமை எழுத்தரை இங்கே பொடோபாபு என்போம். எங்கள் பொடோபாபு கத்துகிறார், கண்டபடி வைகிறார் என்று செக்ஷனே சேர்ந்து கொடுத்த புகாருக்கு மதியம் விசாரணை. நிரூபணமானால் வடகோடியில் இருக்கும் கூச்பிஹாருக்கு மாற்றல். முன்பு இரண்டு விசாரணைகளில் பேசியே தப்பித்தவர், இதற்கும் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிரே விசாரணை அதிகாரியாக நடித்தவன், குமாஸ்தா நிபாரண்.

“நானே நம்பலையே பொடோபாபு, அவங்க எப்படி நம்புவாங்க?”

“நீ நம்பினா என்ன, நம்பாட்டி என்னடா? முதுகெலும்பில்லாத பய, நீயாவது புகார்ல சேர்ந்திருக்க மாட்டேன்னுதான் உன்னைக் கூப்பிட்டேன். மத்ததெல்லாம் வெறும் பொரி மூட்டைங்க. ஊதினா பறந்துடும்!”

“அது சரி. ஆனா விசாரிக்க வர்ற அம்மாவுக்குக் காது மந்தமாம். இன்னும் கொஞ்சம் உரக்க...”

சமாதார் உரக்கச் சொன்னார். அதைவிட உரக்கச் சொன்னார். ஹௌரா பாலத்தில் போக்குவரத்து நின்றது. ஜனவரிக் குளிரில் தொண்டையைக் கைக்குழந்தைபோல் பொத்திவைக்கிற மனிதர், வியர்த்துப்போய் மஃப்ளரையும் குரங்குக் குல்லாவையும் கழற்றி எறிந்தார்.

நிபாரண் ஐஸில் வைத்த இனிப்புத் தயிரை மண்சட்டியோடு நீட்டினான். “காரியத்துக்குப் போறப்ப தயிரை வேண்டாம்னு சொல்லக் கூடாது.”

காலையில் நல்ல சகுனத்துக்காக மனைவி நெற்றியில் வைத்து அனுப்பிய தயிர்ப் பொட்டே இன்னும் அழியவில்லை; எப்படி மறுப்பார்? சட்டியை வழித்து நக்கினார்.

விசாரணை அறையில் பின்வரிசையில் யாரோ கிசுகிசுத்தார்கள்.

“யாரது? எனக்கு எல்லாம் கேக்குது,” என்றார் விசாரணை அதிகாரி சுப்ரீதி பத்ரா.

சமாதார் சட்டென்று நிபாரணைத் திரும்பிப் பார்த்தார். நிபாரண் கூரையைப் பார்த்தான்.

“சமாதார் பாபு, புகாரை மறுக்கிறீங்களா?”

வாயைத் திறந்தார். காற்று வந்தது. மறுபடி திறந்தார். பிறந்த பூனைக்குட்டிகூட வெட்கப்படும்படி ஒரு கீச்சு வந்தது. ஆத்திரத்தில் மேஜையை ஓங்கிக் குத்தினார். தேநீர்க் கோப்பை எகிறி அதிகாரியின் புடவையில் கவிழ்ந்தது.

“செக்ஷன்லயும் இப்படித்தானா?”

பொரி மூட்டைகள் எல்லாம் ஒன்றாகத் தலையாட்டின. கூச்பிஹார் முடிவாகிவிட்டது.

வெளியே வந்தவரிடம் குல்லாவை நீட்டிய நிபாரண் பணிவாகச் சொன்னான்:

“ஒத்துக்கறேன் பொடோபாபு. நீங்க குரலை உசத்தவே இல்லை.”