முன்வரிசையில் ஓர் இடம்

"முன்வரிசைதான் வேணும். பளிங்குக் கல் வைக்கணும். எங்கம்மா ஒண்ணும் பின்னாடி மூலையில கிடக்கிற ஆள் இல்ல!"

கல்லறைத் தோட்ட ஆபீஸில் அண்ணன் மேஜையைத் தட்டினார். அம்மா காலையில்தான் போயிருந்தாள். அதற்குள் அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. அழுது இல்லை, போனில் ஆட்களை விரட்டி.

தங்கை மெதுவாகச் சொன்னாள். "அப்பா குழியிலயே வைக்கச் சொன்னாங்கண்ணா அம்மா."

"ஓசியில முடிச்சிடலாம்னு பாக்குறியா? செத்தவங்க விஷயத்துலயுமா கஞ்சத்தனம்?"

கிளார்க் நடுவில் புகுந்தார். "சார், முன்வரிசை நூறு வருஷத்துக்கு முன்னாடி பெரிய குடும்பங்களுக்குன்னு ஒதுக்கினது. ரெண்டு இடம் காலியா இருக்கு. எரிச்சா, சாம்பலைச் சுவர் மாடத்துல வைக்கலாம். பழைய குழின்னா பதினாலு வருஷம் ஆனதும் திறந்து, சொந்தக்காரங்களை வைக்கலாம். உங்கப்பாவுக்குப் பதினஞ்சு ஆச்சு."

"முன்வரிசை வாசல்ல இருந்தே தெரியுமா?"

"ரோட்டுல இருந்தே தெரியும் சார்."

"அப்ப அதான்!"

பின்னே? பாசம் என்றால் நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?

"அம்மா ஆசைண்ணா..."

"பெரிய ஆசை! வருஷா வருஷம் அப்பா நினைவு நாளைக்கு மாலையும் போட்டோக்காரருமா வந்து நிக்கிறவன் நான். நீ ஒரு நாளாவது கூட வந்திருக்கியா? வாங்க சார், அந்த இடம் இருக்கிற லட்சணத்தைக் காட்டுறேன்."

விறுவிறுவென்று நடந்தார். பின்பக்கம் முழுக்க, எப்போதோ கொள்ளைநோய் வந்த வருஷம் அவசரமாக ஆரம்பித்த வரிசைகள். அன்றிலிருந்து அங்கே பெயர் கிடையாது, நம்பர் கல் மட்டும்தான்.

தண்ணீர்த் தொட்டி அருகே ஒரு கல்லின் முன் நின்று கர்சீப்பை எடுத்தார். சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குப் புல்.

"அப்பா! பாத்தீங்களா, அம்மாவையும் இங்க தள்ளணுமாம்!"

கிளார்க் பதிவேட்டைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார்.

"சார், இவர் விலாசம் தெரியாத யாரோ ஒருத்தர். போலீஸ் கொண்டாந்து அடக்கம் பண்ணினது. உங்கப்பா அடுத்த வரிசை."

அடுத்த வரிசையில் ஒரே ஒரு கல் மட்டும் கழுவித் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் ஒரு பூச்செடி. தங்கை பழக்கத்தில் குனிந்து, அதில் காய்ந்த இலையைக் கிள்ளிப் போட்டாள்.

"உங்கப்பா அடக்கத்தன்னைக்கு நீங்க கார்ல போன் பேசிட்டிருந்தீங்க சார்" என்றார் கிளார்க், ரொம்ப மரியாதையாக.

அண்ணன் முதல் வேலையாகப் போட்டோக்காரருக்குப் போன் போட்டு, அம்மா அடக்கத்துக்கு வர வேண்டாம் என்றார். அப்புறம்தான், "அப்பா குழியையே திறங்க" என்றார்.

தங்கை பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"முதல் வருஷம் நீங்க எடுத்த போட்டோவைப் பாத்ததுமே."

"ஏன் சொல்லல? இத்தனை வருஷம் என்னைக் கேனையனாக்கிட்டியே!"

"சொல்லத்தான் கிளம்பினேன். அம்மாதான் விடல." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "'சொல்லிடாதடி. தெரிஞ்சா வெக்கப்பட்டு, நினைவு நாளைக்கு வர்றதையும் நிறுத்திடுவான். வருஷத்துல அந்த ஒரு நாள்தான் அப்படியே வீட்டுக்கு வந்து என் முகத்தையும் பாத்துட்டுப் போறான்'னாங்க."