இடது பக்கத்துப் படம்

வெள்ளைக் கம்பளிப் பேடில் சிவப்பு ஒட்டியிருந்தது.

அவர் பாலிஷ் மெஷினை நிறுத்தினார்.

ஒட்டவே கூடாது. காரின் சிவப்புக்கு மேலே நிறமில்லாத ஒரு பூச்சு உண்டு. பாலிஷ் போடும்போது தேய வேண்டியது அதுதான், அதுவும் இம்மியளவு. பேடில் வண்டி நிறம் வந்துவிட்டால் மேல்பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். ஆயிரம் பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

குனிந்து பார்த்தார்.

பானெட்டின் வலது பக்கத்தில், தகடு மடிந்து கூராக எழும்பும் வரியில், புளியங்கொட்டை அளவுக்குச் சாம்பல் நிறம்.

மேல்பூச்சும் போய், சிவப்பும் போய், அடிப்பூச்சு பல்லிளித்தது.

துணியால் துடைத்தார். எச்சில் தொட்டுத் துடைத்தார். எச்சில் தொட்டால் போன பெயின்ட் திரும்பி வருமா என்ன?

காலையில் மனைவி சுகந்தி பாலிஷ் டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ஏனுங்க, மடிப்புல மெஷின் வைக்காதீங்க, கையிலயே தேயுங்கன்னு இதுல போட்டிருக்குதுங்க."

அவர் சிரித்தார். கம்பெனிக்காரனுக்குத் தன் தலை தப்பினால் போதும், அவன் அப்படித்தான் எழுதுவான் என்றார். ஆறு வருடமாகச் சொல்லிவரும் வசனம். கார் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்த வசனத்துக்கு எப்போதும் கைதட்டல்தான்.

ஆபீஸில் அவருக்கு ஒரு மூலை மேஜை. டீ கொண்டுவருகிறவர்கூட அவரிடம் கடைசியாகத்தான் வருவார். கல்யாணமாகிப் போன மகள் போன் செய்தால், அம்மாவிடம் கொடுங்கள் என்பாள். குழுவில் மட்டும்தான் அவர் தண்டபாணி அண்ணன். கரூரிலிருந்தும் கம்பத்திலிருந்தும் முன்பின் தெரியாதவர்கள் 'அண்ணன் சொன்னாச் சரி' என்று எழுதுவார்கள்.

அந்த ஒன்றுதான் அவருக்கு இருந்தது.

நேற்று அவராகத்தான் அறிவித்தார். நாளை என் வண்டி. மடிப்பிலும் மெஷின், கம்பளி பேட். பதினோரு மணிக்குப் படம்.

மணி பத்து ஐம்பது.

'அண்ணா, எங்கே படம்?' என்று நாலு பேர் கேட்டாகிவிட்டது. சும்மா கிடந்திருக்கலாம். யார் அறிவிக்கச் சொன்னது?

போனை எடுத்து வலது பக்கத்தைப் படம் பிடித்தார். அதை முதலில் ஏன் எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. பிறகு இடது பக்கம் போனார்.

இடது பக்கம் அருமையாக வந்திருந்தது. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி அதில் அப்படியே தெரிந்தது. அங்கேயும் இரண்டு சுற்று கூடுதலாகப் போயிருந்தால் இதே கதிதான். அதிர்ஷ்டம்.

இடது பக்கத்தைக் குழுவில் போட்டார்.

கைதட்டல்கள் மளமளவென்று விழுந்தன. 'டப்பாக்காரன் முகத்துல கரி' என்று ஒருவர் எழுதினார்.

ஒவ்வொன்றாகப் படித்தார்.

அப்புறம்தான் தாராபுரத்து இனியன் வந்தான்.

'அண்ணா, எங்க மாமனார் வண்டிங்க. இரவல் வாங்கிட்டுப் போயி மடிப்புல கோடு போட்டுட்டேன். சாயங்காலம் திருப்பிக் குடுக்கோணும். டப்பாவுல மடிப்புக்கு மெஷின் வேண்டாம்னு போட்டிருக்குது. டப்பா சொல்றதைக் கேக்கறதா, நீங்க சொல்றதைக் கேக்கறதா?'

அவருக்கு முன்னால் இன்னொருவர் முந்திக்கொண்டார். 'அண்ணன் போட்ட படத்தைப் பாத்துமா கேக்கறீங்க?'

'அதுவுஞ் சரிதானுங்க. மெஷின் வாடகைக்கு எடுத்தாச்சு. இருந்தாலும் அண்ணன் வாயால ஒரு வார்த்தை வந்துட்டா ஆரம்பிச்சிருவேன்.'

தண்டபாணி எழுதினார். 'வேண்டாம் தம்பி. மடிப்பைத் தொடாதீங்க. எனக்கே இன்னிக்கு வலது பக்கம் போயிருச்சு.'

அனுப்பவில்லை.

கடைசி வரியை எடுத்துவிட்டுப் பார்த்தார். எடுத்தால், ஏன் வேண்டாம் என்று கேட்பார்கள். ஆயிரம் பேரும் கேட்பார்கள். அப்புறம் வலது பக்கத்துப் படத்தைக் காட்டத்தான் வேண்டும். பத்து நிமிடம் முன்னால் இடது பக்கத்தை மட்டும் காட்டியவன் யார் என்றும் கேட்பார்கள். ஆறு வருட மானம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கப்பலேறும்.

வரியைத் திரும்பச் சேர்த்தார்.

மனசாட்சி இல்லாத ஆள் இல்லை அவர். அதுதான் தொல்லை. மாமனார் எதிரில் மருமகன் கையைப் பிசைந்துகொண்டு நிற்பது எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். அவரும் ஒரு காலத்தில் நின்றவர்தான்.

வலது பக்கத்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். நன்றாகவே விழுந்திருந்தது. குருடனுக்கும் தெரியும்.

'காத்திருக்கேங்கண்ணா.'

கேட் பக்கம் ஒரு முறை பார்த்தார். தெருவில் யாரும் இல்லை.

முதலில் படத்தை அழித்தார்.

பிறகு, எழுதியதை.

தூக்கிய கட்டைவிரல் ஒன்றை மட்டும் அனுப்பினார். வார்த்தை என்று எதுவும் சொல்லவில்லை என்பது ஒரு சமாதானம்.

பதில் உடனே வந்தது.

'நீங்க நல்லா இருக்கோணுங்கண்ணா.'