சதுரக் காசு

"வெள்ளைக் காசா, மஞ்சக் காசா லாத்தா? அதைச் சொன்னாத்தானே மிஷினை எதுல வைக்கணும்னு தெரியும்?"

காயல்பட்டினம் கடற்கரையில் நின்றபடி நௌஃபல் மூன்றாவது தடவையாகக் கேட்டான். அவன் லாத்தா, கூடப்பிறந்த அக்கா முத்து பீவி, கடலைப் பார்த்தாள்.

"வெள்ளைன்னுதான் ஞாபகம். இல்ல, மஞ்சளா? நீ தேடு. கிடைச்சா தெரிஞ்சிடப் போகுது."

அவனுக்கு எரிச்சலாக வந்தது.

ஷார்ஜாவில் இருபது வருஷம் சரக்குக் கிடங்கு வேலை. கம்பெனியை மூடியதும் ஆறு மாதத்துக்கு முன் ஊர் திரும்பியிருந்தான். அங்கே வெள்ளிக்கிழமைகளில் கடற்கரையில் காசு தேடுவது அவன் பொழுதுபோக்கு. அதற்கு வைத்திருந்த மெட்டல் டிடெக்டர் மிஷினும் பெட்டியோடு வந்தது.

அது தெரிந்த நாளிலிருந்து லாத்தா விடவில்லை. வாப்பா கொழும்பிலிருந்து கொண்டுவந்து பெருநாளைக்குக் கொடுத்த சதுரக் காசு, அவன் ஷார்ஜாவில் இருந்தபோது மணலில் விழுந்துவிட்டதாம். ஊர் வழக்கப்படி குடியிருந்த மனைவி வீட்டின் மாடி அறையில் படுத்துக் கிடந்தவனைத் தேடித்தரச் சொல்லி இழுத்துவந்தாள். அன்றிலிருந்து சாயங்கால அசர் தொழுகை முடிந்ததும் தினமும் வாசலில் வந்து நின்றாள்.

இலங்கையில் சதுரக் காசை எல்லாக் காலத்திலும் ஒரே உலோகத்தில் அடிக்கவில்லை; வெள்ளை நிக்கலிலும் உண்டு, மஞ்சள் பித்தளையிலும் உண்டு. சின்ன வயதில் பார்த்த நிறம் அவனுக்கும் மறந்துபோயிருந்தது. அதுதான் தொல்லை. பிரீக்வென்சியைக் கூட்டினால் சின்ன நிக்கல் காசுகூடச் சத்தம் கொடுக்கும். ஆனால் ஈர மணலின் உப்புக்கே மிஷின் அலற ஆரம்பித்துவிடும். குறைத்தால் அலறல் அடங்கும், சின்னக் காசு தப்பிவிடும். பதினைந்தில் வைத்தான், பத்தில் வைத்தான், ஐந்துக்கு இறக்கினான். சோடா மூடியும் தூண்டில் முள்ளும்தான் வந்தன.

ஒருநாள் பழைய இருபது பைசா ஒன்று வந்தது. லாத்தா அதை வாங்கி முந்தானையில் துடைத்தாள்.

அன்று வெகுநேரம் பேசினார்கள். வாப்பா வந்திறங்கும் நாட்களில் வீடெல்லாம் அடித்த அத்தர் வாசம். ஈர மணலில் ஆளுக்கொரு சதுரக் காசை அழுத்தி, யார் அச்சை அலை முதலில் அழிக்கிறது என்று சண்டை போட்டது. ஒரே வாரத்தில் தன் காசைத் தொலைத்துவிட்டு நௌஃபல் அழுதது. லாத்தா தன் காசை ஆளுக்கொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னது. ஊர் வந்தபிறகு அன்றுதான் அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

கடற்கரைக்கு வருகிறவர்கள் மிஷினைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தார்கள். அப்படி நின்று விசாரித்தவர்தான் ஊருக்கே அண்ணன் முறையான இப்ராஹீம் காக்கா. தூத்துக்குடித் துறைமுகத்தருகே கிடங்கு வைத்திருந்தார். கிடங்கு வேலை தெரிந்த ஆளையே தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்லி, திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னார்.

வேலையில் சேருமுன் லாத்தாவின் காசை எப்படியும் எடுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று நௌஃபலுக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லாத்தா குடியிருக்கும் தாய்வீட்டுக்கு அவனே போனான். லாத்தா உள்ளே தொழுதுகொண்டிருந்தாள். அவள் மகள் மர்வாதான் கூடத்தில் இருந்தாள்.

"மர்வா, உம்மாவோட சதுரக் காசை நீ பார்த்திருக்கியா? என்ன நிறம்?"

மர்வா பீரோவைத் திறந்து ஒரு வளையல் டப்பாவை எடுத்தாள். பஞ்சுக்குள்ளிருந்து அதை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"மஞ்சள்தான் மாமா. உம்மா இதை வாசலுக்குக்கூடக் கொண்டுபோக மாட்டாங்க."

நௌஃபலுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்போ பதினோரு நாளா என்னை எதுக்கு மணல்ல அலைய விட்டா?"

மர்வா குரலைத் தாழ்த்தினாள். "நீங்க ரூமை விட்டு வெளிய வாரதே இல்ல, யார்கிட்டயும் பேசுறதில்லன்னு மாமி இங்க வந்து அழுதாங்க. அதான். மணல்ல நடக்கவே கூடாதுன்னு டாக்டர் உம்மாகிட்ட சொல்லியிருக்காரு. தினமும் வந்ததும் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறது நான்தான்."

அவன் காசைப் பஞ்சில் வைத்து மூடி, டப்பாவைத் திருப்பிக் கொடுத்தான்.

தொழுகை விரிப்பை மடித்தபடி லாத்தா வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவள் அவனைக் கண்டதும் கையை எடுத்துக்கொண்டாள். "என்னடா, இந்நேரத்துக்கே வந்துட்டே?"

"நாளைலேர்ந்து வேலை இருக்குல்ல லாத்தா. இன்னைக்குக் கொஞ்சம் சீக்கிரமே போய்த் தேடுவோம்" என்றான் நௌஃபல். பிறகு கூடத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.