புல்லட்டுக்கு எந்தப் பெட்ரோல்?

"அண்ணாச்சி, இந்த வண்டிக்குச் சாதா பெட்ரோல் ஊத்துறது, கைப்புள்ளைக்குப் புளிச்ச கஞ்சி ஊத்துற மாதிரி!"

ராஜபாளையம் பெட்ரோல் பங்க்ல நாலு பேரு முன்னால வச்சே கேட்டுட்டான் மெக்கானிக் சேக் முகைதீன்.

வைகுண்டராஜ் அசரல. புல்லட் டேங்க் மூடியத் தொறந்து, "சாதாவே போடு"ன்னாரு.

"மதுரையில பிஸ்டன் வாங்கி மாட்டுனவன் நான். இதுக்குத் தொண்ணூத்தி மூணு ஆக்டேன், அந்த ஒசத்திப் பெட்ரோல்தான் சேரும். சாதா ஊத்துனா இன்ஜின் உள்ள தட்டத்தான் செய்யும். டக்கு டக்கு டக்குன்னு... காது கேக்கலையா உங்களுக்கு?"

"கேக்குலே. நல்லாத்தான் கேக்கு."

"ஒருநா நடுரோட்டுல நிப்பீக!"

"நின்னா உருட்டிக்கிட்டு உன்கிட்டதான வாரேன்."

டக்கு டக்குன்னு தட்டிக்கிட்டே கெளம்பிட்டாரு.

"கஞ்சப் பய"ன்னாரு பங்க்காரரு.

வைகுண்டராஜ், ஸ்ரீவில்லிபுத்தூர் போற ரோட்டுல ஒரு பேண்டேஜ் கம்பெனியில சூப்பர்வைசர். சேக்கோட சம்சாரம் மைமூனும் அங்கதான் பேண்டேஜ் துணி சுத்துறா. எட்டு மாசக் கைப்புள்ள வேற. ராத்திரி பூரா முழிப்பு.

"உங்க சூப்பர்வைசர் அண்ணாச்சி அங்க எப்படிட்டி?"ன்னு அன்னைக்குக் கேட்டான் சேக்.

"யா அல்லா! வேலை நேரத்துல எவளாச்சும் கண்ணசந்தா அன்னைக்கே சீட்டுக் கிழிச்சிரணும்னு மொதலாளி உத்தரவு. அதுக்குன்னே இவரு மூணு மணிக்கு ஒரு ரவுண்டு வருவாரு. அந்த டக்கு டக்கு ரோட்டு முக்குல கேட்டாலே எங்களுக்கு வேர்த்துரும். இந்த வேலையும் போச்சுன்னா புள்ளைக்குப் பால் மாவுக்கு எங்க போக?"

பொம்பளைகளையும் படுத்துறாரு, இன்ஜினையும் படுத்துறாரு. எதுக்கு மொதல்ல கோவப்படன்னு சேக்குக்குத் தெரியல.

அடுத்த வாரம் புல்லட் சர்வீசுக்கு வந்துச்சு. டேங்க்ல இருந்த சாதாவச் சொட்டு விடாம வடிச்சான் சேக். தானே போயி தொண்ணூத்தி மூணு வாங்கியாந்து ஊத்துனான். மிதிச்சான். டுப்... டுப்... டுப்... தாலாட்டுன்னா தாலாட்டு!

வைகுண்டராஜ் வண்டி எடுக்க வந்ததும், "ட்ரயல் பாக்கணும் அண்ணாச்சி, நானும் பின்னால ஏறிக்கிடுதேன்"னு மட்டும் சொன்னான்.

ஊர் எரைச்சல்ல வைகுண்டராஜுக்கு எதுவும் வெளங்கல. ஊரத் தாண்டுனா, மத்தியான வெயில்ல மலையே சோறு தின்னுட்டு ஒருக்களிச்சுப் படுத்த மாதிரி கெடக்கு. தென்னந்தோப்பு நெழலு ரோட்டுல நீட்டி நிமிந்து கெடக்கு. அதுமேல வண்டி ஓடுதா, மெதக்குதான்னே தெரியல. சேக்கு கண்ணு செருகிருச்சு. கனவுல மைமூன் வெள்ளத் துணி மேகத்துல உக்காந்து புள்ளைய ஆட்டுறா...

சடார்னு பிரேக்.

"ஏலே சேக்கு! தட்டல் எங்கலே?"

கம்பெனிக்கு முந்துன முக்கு. சேக் கண்ணத் தொடச்சுக்கிட்டுப் பெருமையாச் சொன்னான்: "அதான் போயிருச்சே! தொண்ணூத்தி மூணு ஊத்தியிருக்கேன். என் அன்பளிப்பு."

வைகுண்டராஜுக்கு மூஞ்சி வெளுத்துப்போச்சு. கைக்கடியாரத்தப் பாத்தாரு. மூணு.

"கெடுத்தியேலே பாவி! பழையபடி தட்ட வை."

"இந்த இடத்துல வச்சா? ஆரன் அடிச்சுக்கிட்டுப் போங்களேன்."

"ரோட்டுல போற லாரி பூரா ஆரன்தான் அடிக்கு. இந்தா." வண்டியோட டூல்ஸ் பெட்டியத் தொறந்து ஒரு ஸ்பேனரை அவன் கையில திணிச்சாரு. "பின்னால உக்காந்து மட்கார்டுல தட்டு. அந்தச் சத்தம் அச்சா அப்படியே வரணும்."

"அண்ணாச்சி, நான் ஒரு மெக்கானிக்கு..."

"வாரது யாருன்னு உள்ள தெரியணும்லே. தட்டு!"

மனுசனுக்கு எம்புட்டுப் பெருமை பாரு! நாலு பொம்பளையாளுக நடுங்கணும், அதுக்கு மேளம் வேற அடிக்கணும்! பல்லக் கடிச்சுக்கிட்டுத் தட்டுனான் சேக். டக்கு டக்கு டக்கு டக்கு. தான் தீத்து வச்ச சீக்கைத் தன் கையாலயே திரும்ப உண்டாக்குனான்.

கேட்டுக்குள்ள வந்தும் வைகுண்டராஜ் உள்ள போகல. ஸ்டாண்டு போட்டாரு. எடுத்தாரு. திரும்பப் போட்டாரு. நாலு தடவ தொண்டையக் கனைச்சாரு. செத்த நேரம் கழிச்சுத்தான் படி ஏறுனாரு.

உள்ள மேகம் மாதிரிக் குமிஞ்சு கெடக்கு வெள்ளத் துணி. அந்தப் பக்கம் தறிச் சத்தம் ஒரே சீரா வருது. இருவது பேரு தலை நிமிராம பேண்டேஜ் சுத்துறாக. கையி பறக்கு. மூலையில மைமூன்.

ஆத்தாடி, என்னா வேலைன்னு சேக்குக்குச் சிரிப்பு வந்துச்சு. அப்பத்தான் பாத்தான்.

மைமூன் எடது கன்னத்துல பேண்டேஜ் துணியோட சன்ன வலை, கட்டங்கட்டமா, செவசெவன்னு பதிஞ்சிருக்கு. பக்கத்துல ஆவுடையம்மாளுக்கு வலது கன்னத்துல. அதுக்கடுத்தவளுக்கு நெத்தியில.

வைகுண்டராஜ் மேல சுத்துற ஃபேன மட்டும் பாத்துக்கிட்டே அந்தக் கோடி வரைக்கும் நடந்து போயிட்டுத் திரும்புனாரு.

வெளிய வந்ததும் சேக்குக்குக் கொரலே எறங்கிப்போச்சு.

"அண்ணாச்சி... நீங்க ஒருத்தர் மூஞ்சியக்கூடப் பாக்கலையே?"

"சாயங்காலம் மொதலாளி கேப்பாருலே, எவளாச்சும் தூங்குனதப் பாத்தியான்னு. எனக்குப் பொய் சொல்ல வராது."