கொரியா முட்டை

இப்போதெல்லாம் ஜனங்களுக்கு நல்லதைத் தின்றால் செரிப்பதில்லை. கெட்டுப்போனதைக் கடையில் தேடி வாங்கித் தின்றால்தான் நிம்மதி. மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு இதில் சந்தேகமே இல்லை. காலையில் மருமகள் அந்தச் சிவப்பு பாட்டிலை வாங்கிவந்து வைத்ததிலிருந்து வீடே நாறிக்கொண்டிருந்தது.

"என்னடி கருமம் அது? எலி செத்த வாடை அடிக்குது" என்றார் மனைவியிடம்.

"கொரியா நாட்டு மிளகாய் விழுதாம். புளிக்க வச்சு செய்வாங்களாம். எனக்கு ஒரு வாடையும் வரலையே?"

"உனக்கு மூக்கு எப்ப இருந்துச்சு? புளிச்சுப் போனா கீழே கொட்டுவாங்க. இவ பையில போட்டுத் தூக்கிட்டு வந்திருக்கா."

எதிர்வீட்டுப் பல் டாக்டரம்மா சாயங்காலம் விருந்து வைக்கிறாள். வருகிறவர்கள் முதலில் கையில் எடுத்துக் கொறிக்க, கொரியா மாதிரியில் காரமாக அடைத்த முட்டை வேண்டும் என்று மருமகளிடம் கேட்டிருந்தாள். மருமகளுக்கு இதுதான் முதல் ஆர்டர். இது சரியாக அமைந்துவிட்டால் வீட்டிலிருந்தே விருந்துகளுக்குச் செய்து கொடுக்கலாம் என்று ரொம்ப நாளாக ஆசை.

ஆனால் வீடு பெரியவருடையது. பம்பு ஃபிட்டராக நட்டும் போல்ட்டும் திருகித் திருகிக் கட்டிய வீடு. "நான் ஒண்ணு தின்னு பாப்பேன். மனுஷன் திங்கிற மாதிரி இருந்தா செஞ்சு குடு. இல்லேன்னா இந்த அடுப்புல இனிமே எந்த ஆர்டரும் ஏறக் கூடாது" என்று சொல்லிவிட்டார்.

மருமகள் பாட்டிலும் கையுமாக அடுக்களையிலிருந்து வந்தாள். "மாமா, இதைக் கொஞ்சம்..."

"கிட்ட கொண்டு வராதே! குடலைப் புரட்டுது."

"இல்ல மாமா, உங்க கையால..."

"என் கையால அதைத் தொடுவேன்னு கனவுல கூட நினைக்காதே. போ அந்தப் பக்கம்."

அவள் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பெரியவர் எட்டிப் பார்த்தார். ஒரு கிண்ணம் வெந்நீரில் பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தி வைத்திருந்தாள். "சரிதான், அதைக் குளிப்பாட்ட ஆரம்பிச்சாச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அவித்த முட்டையில் உப்பைத் தூவி வாயில் போட்டோமா, போனோமா என்று இல்லை. இரண்டாக நறுக்கி, மஞ்சள் கருவைத் தோண்டி எடுத்து, மயோனைஸும் நசுக்கின பூண்டும் நல்லெண்ணெயும் விட்டுப் பிசைந்தாள். அலமாரியின் மேல் தட்டில் ஏதோ தகர மூடி டங்கென்று விழுந்தது. அடுத்த முறை அவர் எட்டிப் பார்த்தபோது, எவனோ மென்று துப்பியது போலச் சிவப்பாக இருந்ததை பிளாஸ்டிக் பையில் அள்ளி, நுனியை வெட்டி, பழைய குழியிலேயே பிதுக்கிக்கொண்டிருந்தாள்.

"எடுத்த இடத்துலயே வைக்கிறதுக்கு எதுக்குடி எடுக்கணும்?" என்றார் மனைவியிடம். அவளுக்கும் அது தெரியவில்லை.

தட்டு வந்தது. ஒரே முட்டை, இரண்டு பாதி, மேலே வறுத்த எள்.

"மாமா, இது மாதிரிக்குத்தான். இதுல இன்னும் அந்த..."

"விளக்கம் வேணாம். நாக்கு எனக்கும் இருக்கு."

செத்த கரப்பானை மீசையைப் பிடித்துத் தூக்குவது போல ஒரு பாதியை இரண்டு விரலால் தூக்கினார். கடித்தார். அடுத்த கணம் துண்டில் காறித் துப்பினார்.

"தூ! சாக்கடை! இதெல்லாம் ஒரு மிளகாயா? நம்ம வீட்டு மிளகாய்த்தூளைப் பாரு. மில்லுக்காரனை நம்பாம நானே பக்கத்துல நின்னு அரைச்சுட்டு வந்தது. எப்படி வாசமா இருக்கும்! இது பொணம் மாதிரி நாறுது. போ, டாக்டரம்மாகிட்ட முடியாதுன்னு சொல்லிட்டு வா."

மாமியார் இன்னொரு பாதியை வாயில் போட்டு மெல்ல மென்றாள். எங்கேயோ தின்ற ருசியாக இருந்தது.

மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே போய் பாட்டிலைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"எங்க கிளம்பிட்டே?"

"கடைக்கு மாமா. இதைத் திருப்பிக் குடுத்துடறேன். நல்லவேளை, இன்னும் திறக்கலை."

"என்னது?"

"மூடி ரொம்ப இறுக்கம். வெந்நீர்ல வச்சும் அசையலை. உங்களைத் திறந்து தரச் சொல்லத்தான் கொண்டு வந்தேன், விரட்டிட்டீங்க. மாதிரிக்குத்தானேன்னு உங்க மிளகாய்த்தூளையே போட்டுட்டேன்."

மாமியாருக்குச் சிரிப்பில் புரை ஏறியது.

பெரியவர் பாட்டிலை வெடுக்கென்று பிடுங்கினார். எத்தனையோ துருப்பிடித்த நட்டைக் கழற்றிய கை. ஒரே திருகு. 'டப்' என்று புது பாட்டில் திறக்கிற சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

"இப்ப சொல்லுங்க, நாறுதா?" என்றாள் மனைவி. மருமகள் பக்கம் திரும்பினாள். "நீ செருப்பைக் கழட்டும்மா. போய் டாக்டரம்மாவுக்கு முட்டையை அவி."

பெரியவர் பாட்டிலை மேஜையில் வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று தெருவில் இறங்கினார். கேட்டைச் சாத்தும்போது மட்டும் ஒரு தடவை திரும்பினார்.

"மூடியிருக்கும்போதே நாறிச்சுடி!"