நான்காம் தந்தி

பிரசவ விடுப்பில் தானாகவே கற்றுக்கொள்ளலாம் என்று ஜெசிந்தா வாங்கிய யுகுலேலே என்ற குட்டி கிதார் கைக்குழந்தை அளவுதான் இருந்தது. ஒன்பது நாளாகியும் நான்காம் தந்தி சுருதிக்கு வரவில்லை. எப்படி முறுக்கினாலும், போனில் சுருதி காட்டும் முள் சிவப்பிலேயே நடுங்கியது.

தொட்டிலில் ஐந்து வாரக் குழந்தை வீறிட்டது. அந்த அழுகையைக் கேட்டாலே அவளுக்குக் காதைப் பொத்திக்கொண்டு எங்காவது ஓடிவிடத் தோன்றும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கருவியைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தந்தியை யாரும் தொடவில்லை. ஆனால் போனில் முள் நிமிர்ந்து பச்சை காட்டியது. குழந்தை மூச்சிழுத்தபோது சாய்ந்தது. மறுபடி அழுதபோது அதே இடம், அதே பச்சை.

"எவ்வளவு நேரமா அழுறான், தூக்கேன் ஜெசி!" அடுக்களையிலிருந்து கணவன் ரோஷன் கத்தினான்.

"கொஞ்சம் பேசாம இருங்களேன். அவன் சொல்றதக் கேக்குறேன்."

போனைக் கவிழ்த்து வைத்தாள். கருவியை எடுத்து, அழுகையை மட்டும் கேட்டபடி நான்காம் தந்தியின் முளையை மெல்லத் திருப்பித் திருப்பி மீட்டினாள். ஒரு கணத்தில் இரண்டும் ஒன்றாகின. குழந்தை சட்டென்று அழுகையை நிறுத்தியது.

அவன் குரல் மட்டும் அவள் விரலடியில் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.